இருட்டறையில் இரண்டு ஜோடிக் கண்கள்

வாங்க, சத்தமில்லாமல் உள்ளே நுழைந்துவிடுவோம்! பிரிட்டனில் மார்பக எக்ஸ்ரே படங்களை, அதாவது மேமோகிராம்களைப் பார்க்கும் அறை இது. விளக்கை மங்கலாக்கி வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் கூடினால் திரையில் சாம்பல் நிறத்தின் நுணுக்கமெல்லாம் தொலைந்துபோகும். ஒரு பெண்ணுக்கு நான்கு படம்: ஒவ்வொரு மார்பகத்துக்கும் மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று. இடமும் வலமும் ஒட்டி நிற்கின்றன. இந்தப் பக்கம் இருப்பது அந்தப் பக்கம் இல்லையா? கண் அங்கேயே நிலைக்கிறது! உப்புத்தூள் சிதறியதுபோல் சுண்ணாம்புப் புள்ளிகள், விளிம்பு முள்முள்ளாய் நீளும் கட்டி, ஓரிடத்தில் சுண்டி இழுக்கப்பட்ட திசு... தேடுவது இவற்றைத்தான்.

அதே படத்தை இன்னொருவரிடம் கொடுத்தால் அதையே சொல்வாரா? இங்கேதான் சுவாரசியம்! 1994-ல் அமெரிக்காவில் ஜோஆன் எல்மோர் குழுவினர் 150 பெண்களின் படங்களை 10 கதிரியக்க மருத்துவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 27 பெண்களுக்குப் புற்றுநோய். அந்த 27 பேரில் 74 சதவீதத்தினரை உடனே மேல்பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார் ஒருவர். 96 சதவீதத்தினரை அனுப்பச் சொன்னார் இன்னொருவர். நோயே இல்லாதவர்களில்? 11 முதல் 65 சதவீதம் வரை! அப்பப்பா! ஒரு மருத்துவர் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பும் பெண்ணை இன்னொருவர் திசு எடுக்கும் ஊசியின் முனை வரை கொண்டுபோய் நிறுத்திவிடலாம்.

மார்பகத் திசு எவ்வளவு அடர்த்தி என்று சொல்வதிலும் இதே கதைதான். அடர்ந்த திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. அதனால் அடர்த்தி முக்கியம். 2016-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 83 மருத்துவர்களில் ஒருவர் தான் பார்த்தவற்றில் வெறும் 6 சதவீதத்தை ‘அடர்த்தி’ என்றார். இன்னொருவருக்கு அது 84!

பிரிட்டனில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். கருத்து மாறினால் படம் மூன்றாமவரிடம் போகும், அல்லது கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். பரிசோதனைக்கு வரும் 100 பெண்களில் ஏறக்குறைய 4 பேரை மறுபடி அழைக்கிறார்கள். அந்த 4 பேரில் ஒருவருக்குத்தான் புற்றுநோய். மற்ற மூவரின் தூங்காத இரவுகளும் இந்த அறையின் கணக்கில்தான் சேரும்.

இன்னொரு ரகசியம்: பார்க்கும் கண்களுக்கும் பரீட்சை உண்டு! ‘பெர்ஃபார்ம்ஸ்’ என்று பெயர். விடை ஏற்கெனவே தெரிந்த, வேண்டுமென்றே பொறுக்கியெடுத்த சிக்கலான படங்கள். பார்த்து முடித்ததும், நிபுணர் குழு எங்கே குறி வைத்தது, தான் எதைக் கோட்டைவிட்டோம் என்று படம் பார்த்தவரே உடனுக்குடன் பார்த்துக்கொள்ளலாம்.