கைமாறிய கேடயம்

கென்யாவின் வட கடற்கரையில், லாமு தீவுக்கு எதிரே உள்நாட்டில் இருக்கிறது விட்டூ. இன்று அது ஒரு சிற்றூர். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பு வரை சுல்தானின் தலைநகர். கேடயம் என்று நம்பிய நாடே அதைக் கைகழுவியது.

பாதே தீவை ஆண்ட பழைய நபஹானி வம்சத்தவர் அகமது. 'சிம்பா', அதாவது சிங்கம் என்பது பட்டப்பெயர். சான்சிபார் சுல்தானின் கை ஓங்கியதால் தீவிலிருந்து வெளியேறியவர், 1860-களில் காட்டை அரணாக்கி விட்டூவில் ஆட்சி அமைத்தார். எஜமானர்களிடமிருந்து தப்பி வந்த அடிமைகள் அங்கே அடைக்கலம் தேடினர். அதனால் தோட்ட முதலாளிகளின் பகையும் சேர்ந்தது.

சான்சிபாருக்குப் பின்னால் பிரிட்டன் நின்றது. பிரிட்டனின் போட்டியாளரிடம் போவதுதான் சிம்பாவுக்கு இருந்த வழி. டென்ஹார்ட் சகோதரர்கள் என்ற ஜெர்மானியருக்கு நிலம் கொடுத்தார். 1885 மே மாதம் விட்டூ ஜெர்மனியின் பாதுகாப்பில் வந்தது.

அந்தப் பாதுகாப்பு ஐந்தே ஆண்டு. 1890 ஜூலை 1-ம் தேதி பெர்லினில் ஓர் ஒப்பந்தம். பிரிட்டனிடமிருந்து வட கடலில் ஹெலிகோலாந்து ஜெர்மனிக்குக் கிடைத்தது: இரண்டு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான நிலம். விட்டூ பிரிட்டனுக்குப் போனது. சான்சிபாரிலும் பிரிட்டனுக்கு வழி திறந்தது. சிம்பா அதற்குள் மறைந்துவிட்டார். அவருக்குப் பின் வந்த ஃபூமோ பக்காரியை யாரும் கலந்துகொள்ளவில்லை.

கோபம் செப்டம்பரில் வெடித்தது. விட்டூ வாயிற்காவலர்களோடு மூண்ட மோதலில் கூன்ட்செல் என்ற ஜெர்மானியரும் அவரது கூட்டாளிகளும் கொல்லப்பட்டனர். பழிதீர்க்க வந்தது ஜெர்மனி அல்ல, புதிய 'பாதுகாவலர்' பிரிட்டன். அக்டோபரில் அட்மிரல் ஃபிரீமேன்டில் தலைமையில் கடற்படை வீரர்கள் கரையிறங்கினர். பிரிட்டிஷ் கம்பெனியின் இந்தியக் காவலர்களும் உடன் சென்றனர். விட்டூ எரிக்கப்பட்டது. பதவி பறிக்கப்பட்ட ஃபூமோ பக்காரி சில மாதங்களில் இறந்தார்.

காட்டுக்குள் எதிர்ப்பு ஓயவில்லை. நிர்வாகத்தை ஏற்ற கம்பெனி 1893-ல் விலகிக்கொண்டது. பிறகு பிரிட்டிஷார் உட்காரவைத்த சுல்தானுக்குப் பட்டம் இருந்தது, அதிகாரம் இல்லை.

சிம்பா செய்த கணக்கில் பெரிய பிழை இல்லை. எதிரியின் எதிரியை நண்பனாக்குவது எல்லாச் சிற்றரசர்களும் அறிந்த தந்திரம்தான். இரண்டு எதிரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து சமாதானம் பேசும் நாளில், நடுவில் இருப்பவர் விலைப்பொருளாகிவிடுகிறார்.