வக்கீலின் பங்கும் கட்சிக்காரரின் வரியும்

வழக்கில் வென்ற பணத்தில் ஒரு பகுதி வக்கீலுக்குச் சென்றுவிட்டால், அப்பகுதிக்கு வரி இல்லையென்று கட்சிக்காரர் வாதிடலாமா? இவ்வினாவுக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 2005 ஜனவரியில் விடை கூறிற்று.

கலிபோர்னியா மாநிலக் கல்வித் துறையினின்று நீக்கப்பட்ட ஊழியரொருவர் வழக்குத் தொடுத்து, 4,64,000 டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார். வெற்றியில் பங்கு என்ற ஒப்பந்தப்படி 1,50,000 டாலர் வக்கீலுக்குச் சேர்ந்தது. வரி இலாகாவோ முழுத் தொகைக்கும் வரி கோரியது.

இலாகாவின் பக்கமே நியாயம் என நீதிபதி ஆன்டனி கென்னடி தீர்ப்பெழுதினார். வழக்குரிமை கட்சிக்காரருடையது, வக்கீல் அவருக்காக உழைக்கும் பிரதிநிதியே. ஆகவே பணம் எவர் கைக்குப் போயிற்று என்பதன்று, அதனை ஈட்டும் உரிமை எவருடையது என்பதே கேள்வி.

இத்தகைய வேலைப் பாகுபாட்டு வழக்குகளில் வக்கீல் கட்டணத்தைக் கழித்துக்கொள்ள 2004-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. முன்னரே முடிந்துபோன அவ்வழக்கிற்கு அது உதவவில்லை.

நம் நாட்டில் வழக்குப் பணத்தில் வக்கீல் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. எனினும் படிப்பினை நமக்கும் உண்டு. வழக்கின் மூலம் தொகை வருமாயின், அதனைச் செலவிடுமுன் வரி உண்டா, எவ்வளவுக்கு உண்டு என்பதை அங்கத்தினர்கள் விசாரித்தறிவது நலம். வக்கீல் கணக்கு வேறு, வரிக் கணக்கு வேறு.