உடனே என்றால் எப்போது?

மணிக்கணக்கு சொல்லாத ஓர் ஆங்கிலச் சொல்லோடு சட்டம் நடத்தும் மல்லுக்கட்டு

பம்பாய், ஜனவரி 1956. மாநிலச் சீரமைப்புப் பிரச்னையில் நகரம் கொதித்துக்கொண்டிருந்தது. 13ஆம் தேதி போலீஸ் கமிஷனர் சிலரைத் தடுப்புக் காவலில் வைக்க உத்தரவிட்டார். மாநில அரசுக்கு அவர் அறிக்கை அனுப்பியதோ 21ஆம் தேதி. 1950ஆம் ஆண்டு தடுப்புக் காவல் சட்டம், அறிக்கை ‘ஃபோர்த்வித்’ போக வேண்டும் என்றது. அதாவது, உடனடியாக. எட்டு நாள் கழித்துப் போனால் அது உடனடியா? காவலில் இருந்தவர்கள் சுப்ரீம் கோர்ட்டில் கேட்டார்கள்.

கோர்ட் அகராதியோடு நிற்கவில்லை. காவலுக்கான காரணங்களைக் கைதியிடம் தெரிவிக்க அதே சட்டம் ‘ஆஸ் சூன் ஆஸ் மே பி’ என்ற வேறு தொடரைப் பயன்படுத்தியிருந்தது. அது அதிகாரியின் நியாயமான வசதிக்கு இடம் தரும். ‘ஃபோர்த்வித்’ இன்னும் கறாரானது. அதிகாரியின் தவறில்லாமல் நேர்ந்த தாமதத்தை மட்டுமே பொறுக்கும். எனவே பார்க்க வேண்டியது எத்தனை நாள் என்பதை அல்ல, தாமதத்தைத் தவிர்த்திருக்க முடியுமா என்பதை. கலவரத்தைச் சமாளிப்பதில் போலீஸ் மூழ்கியிருந்தது என்ற விளக்கம் ஏற்கப்பட்டது. காவல் உத்தரவு தப்பியது.

கொலை வழக்குகளிலும் இச்சொல்லுக்கு வேலை உண்டு. குற்றம் பற்றிய அறிக்கையைப் போலீஸ் ‘ஃபோர்த்வித்’ மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற விதி, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் தொடர்கிறது. காகிதம் ஸ்டேஷனிலேயே தங்கினால் பெயர்களைச் சேர்க்கலாம், நேரத்தை மாற்றலாம் என்ற சந்தேகம் எழும். தாமதம் மட்டுமே வழக்கைக் கவிழ்த்துவிடாது; ஆனால் விளக்கமில்லாத தாமதம் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நல்ல ஆயுதம்.

சொத்து விஷயத்தில் கோர்ட் மேலும் இளகியிருக்கிறது. வங்கிக் கணக்கை முடக்கியதை மாஜிஸ்திரேட்டுக்கு உடனே தெரிவிக்கவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் முடக்கத்தை நீக்கிய ஒரு வழக்கில், 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. தாமதத்தால் மட்டும் பறிமுதல் செல்லாமல் போகாது. தகுந்த விளக்கம் இல்லையென்றால் அதிகாரி மீது துறை நடவடிக்கைக்கு மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என்றது. அதிகாரிக்குத் தண்டனை வரலாம். கணக்குக்காரரின் பணம் முடங்கியே கிடக்கும்.

1980ஆம் ஆண்டு தேசப் பாதுகாப்புச் சட்டம் இந்தச் சொல்லை மட்டும் நம்பவில்லை. ‘ஃபோர்த்வித்’துக்குப் பக்கத்திலேயே ஓர் எண்ணையும் வைத்திருக்கிறது: மாநில அரசு ஒப்புதல் தராவிட்டால், பொதுவாக 12 நாளில் காவல் உத்தரவு காலாவதி. சொல்லுக்கு எப்படியும் விளக்கம் சொல்லிவிடலாம். சிறைக்குள் நாளை எண்ணுகிறவருக்கு அந்த எண்தான் பாதுகாப்பு.