‘பசியே எடுக்காது’... குடம்புளி மாத்திரையை நம்பலாமா?

எடை குறைப்பு மாத்திரை விளம்பரங்களில் அடிக்கடி தலைகாட்டும் பெயர் ‘கார்சினியா கம்போஜியா’. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கேரள மீன் குழம்பில் போடுவாங்களே, அதே குடம்புளிதான்!

இதன் தோலில் இருக்கும் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் பசியை அடக்கும், உடலில் கொழுப்பு சேர்வதையும் தடுக்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். எலிகளிடம் இது ஓரளவு எடுபட்டது.

மனிதர்களிடம்? அமெரிக்காவின் ‘ஜாமா’ மருத்துவ இதழில் 1998-ல் வெளியான ஆய்வில் 135 பேர் கலந்துகொண்டனர். ஒரு பிரிவினருக்கு தினமும் இந்த அமிலம் 1,500 மி.கி., மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. 12 வாரம் கழித்துப் பார்த்தால், குடம்புளிக்காரர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்திருந்தார்கள். வெற்று மாத்திரைக்காரர்கள் 4.1 கிலோ! புள்ளியியல் கணக்கில் இது பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால், இரு தரப்புமே நார்ச்சத்து மிகுந்த, கலோரி குறைந்த சாப்பாட்டில் இருந்தார்கள் என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

‘பலிக்கலைன்னா காசுதானே போகும்’ என்றும் விட்டுவிட முடியாது. கார்சினியா மாத்திரை எடுத்தவர்களுக்கு கல்லீரல் பழுதாகி, மாற்று அறுவை சிகிச்சை வரை போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்கணும். இரண்டும் சேர்ந்து செரோட்டோனினை எக்கச்சக்கமாக ஏற்றிவிடலாம்.

குழம்பில் போடும் இரண்டு துண்டுக்கு இந்த பயம் வேண்டாம். சிக்கல், சாறைச் சுண்டக் காய்ச்சி அடைத்த மாத்திரையில்தான்.

ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர் நிறத்தில் போனாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்கணும். போகும்போது அந்த மாத்திரை டப்பாவையும் கையோடு எடுத்துட்டுப் போங்க.