லைனுக்கு மேலே ஒரு படி

2021 செப்டம்பர் 13 அன்று ஓலா நிறுவனர் பவிஷ் அகர்வால் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி அருகே எழுந்துகொண்டிருந்த மின்-ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே இயக்குவார்கள், 10,000 பெண்களுக்கு வேலை என்றார். ஓசூரைச் சுற்றியுள்ள மற்ற ஆலைகளும் பெண்களைத் தேடிப்பிடித்து எடுக்கத் தொடங்கிய காலம் அது. இன்று ஜூஜுவாடி சோதனைச்சாவடியைக் கடந்து போகும் கம்பெனி பஸ்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பெண்குரலில் கேட்கின்றன.

வேலைக்கு எத்தனை பெண்களை எடுத்தோம் என்பதை நிறுவனங்கள் பெருமையோடு சொல்கின்றன. லைன் லீடர், சூப்பர்வைசர், ஷிப்ட் இன்சார்ஜ், பிளான்ட் மேனேஜர் என்று ஏறுகிற படிகளில் எந்தப் படிவரை பெண்கள் வந்திருக்கிறார்கள் என்பதை யாரும் பெருமையாகச் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு நிறுவனத்தின் தலைமை நேர்மையானதா என்பதற்கு இந்த இரண்டாவது கணக்கையே நான் உரைகல்லாகக் கொள்வேன். பெண்ணின் விரல் நுணுக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அவள் தீர்மானத்தை வேண்டாம் என்கிற இடத்தில், ‘பெண்களுக்கு அதிகாரம்’ என்ற பலகை வெறும் விளம்பரம்தான்.

அந்தப் படியில் ஏற விடாமல் தடுக்கிறவை எவை, சட்டம் எதுவரை துணை வரும் என்பதை இந்தப் பகுதிப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சட்டத்தின் துணை சில இடங்களில் பலமாக இருக்கிறது, சில இடங்களில் மெலிந்து போகிறது.

முதலில் மெலிந்த இடம். அரசியலமைப்பின் 14, 15, 16ஆம் பிரிவுகள் தரும் சமத்துவம் முதன்மையாக அரசைக் கட்டுப்படுத்துவது. இந்திய வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரியான சி.பி. முத்தம்மா, தனக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் அரசு அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் மனுவை முடித்துவைத்தாலும், பணி விதிகளிலிருந்து பால்பாகுபாட்டைக் களையும்படி அரசிடம் கடுமையாகச் சொன்னார். முத்தம்மாவின் முதலாளி அரசு என்பதால் அந்தக் கதவு திறந்தது. தனியார் ஆலையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அதே வாதம் அப்படியே உதவாது. அவருக்குத் தனிச் சட்டம் வேண்டும்.

அந்தத் தனிச் சட்டம் இருந்தது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தில், வேலைக்கு எடுத்த பிறகு பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் ஆகியவற்றிலும் பாகுபாடு கூடாது என்று பிற்பாடு வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு அந்தச் சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. ஊதியத்திலும் ஆட்சேர்ப்பிலும் பாகுபாட்டைத் தடுக்கும் அதன் வாசகத்தில், பதவி உயர்வு என்று தனியாக எடுத்துச் சொல்லவில்லை. இது சிறிய இழப்பு அல்ல. தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் அந்தச் சொல்லைத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டும்.

அதுவரை கையில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளலாம். ஒரே வேலைக்கோ ஒத்த வேலைக்கோ ஊதியம் வேறுபடக் கூடாது. ஒத்த வேலை எது என்பதைத் திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகியவற்றை வைத்துத்தான் பார்க்கிறது சட்டம், அடையாள அட்டையில் உள்ள பதவிப் பெயரை வைத்து அல்ல. ஆபரேட்டர் என்ற பெயரிலேயே இருந்துகொண்டு, புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ரிப்போர்ட் எழுதி, லைனையே ஓட்டுகிற பெண்கள் உண்டு. பக்கத்து லைனில் அதே பொறுப்பைப் பார்க்கும் ஆணுக்குச் சம்பளம் அதிகம் என்றால், அந்த வித்தியாசத்தைக் கோரி மனுச் செய்ய 3 ஆண்டு அவகாசம் இருக்கிறது. இந்தச் சட்டத்தொகுப்பில் ‘ஊழியர்’ என்பதில் மேற்பார்வைப் பணியாளரும் மேலாளரும் அடக்கம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு அப்படி இல்லை. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரையும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் சூப்பர்வைசரையும் அது ‘தொழிலாளி’ என்று கணக்கில் கொள்வதில்லை. ஆக, ஒரு பெண் பாடுபட்டு அந்தச் சம்பள வரம்பைத் தாண்டிய மேற்பார்வைப் பொறுப்புக்கு ஏறிய அன்றே, வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழில் தகராறு எழுப்பும் பழகிய வழி அவருக்கு அடைபடுகிறது. பதவி உயர்வு கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏற வேண்டாம் என்பதற்காகச் சொல்லவில்லை. வேலைநீக்கத்துக்கு எத்தனை நாள் நோட்டீஸ், பழைய பணிக்காலம் சேருமா என்பவற்றை அந்தக் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்த தடை இரவு. நைட் ஷிப்ட் பார்த்துப் பழகாதவர் உற்பத்தியை எப்படி நடத்துவார் என்று கேட்பவர்கள், அந்த அனுபவத்தைப் பெண்ணுக்கு மறுத்ததே சட்டம்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, பெண்களின் வேலை நேரத்தைக் காலை 6 முதல் மாலை 7க்குள் அடைத்து வைத்திருந்தது. வசந்தா என்பவர் தொடுத்த வழக்கில், 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது, பாதுகாப்பு ஏற்பாடுகளை நிபந்தனையாக வைத்து. இப்போதைய சட்டமும் இரவு வேலைக்குப் பெண்ணின் சம்மதத்தைக் கேட்கிறது. சம்மதம் என்பது வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் சேர்த்ததுதான். பாதுகாப்பான பஸ்ஸும் கழிவறையும் ஓய்வறையும் தராமல், நைட் வர மறுத்தாள் என்று அப்ரைசலில் மதிப்பெண்ணைக் குறைப்பது நிர்வாகம் தன் கடமையை அவள் தலையில் கட்டுவது.

மூன்றாவது, பிள்ளைப்பேறு. இங்கே சட்டம் பலமானது. முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் 26 வாரச் சம்பள விடுப்பு (ஏற்கெனவே இரண்டோ அதற்கு மேலோ குழந்தைகள் இருந்தால் 12 வாரம்), 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம். மேலாளர் என்பதால் இந்த உரிமை போவதில்லை, சம்பள வரம்பும் கிடையாது. விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு எடுப்பதும், பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றுவதும் சட்டவிரோதம். விடுப்பு முடிந்து வரும்போது பொறுப்பு இன்னொருவரிடம் போயிருக்கும், இவரை மூலையில் ஒரு மேஜையில் உட்கார வைப்பார்கள். இது பெரும்பாலும் வாய்மொழியாகவே நடக்கிறது. அதனால் விடுப்புக்குப் போகுமுன் தன் பதவி, பொறுப்பு, தன்கீழ் வேலை பார்ப்பவர்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஹெச்.ஆர்.க்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி வைத்தால், பிறகு அதுவே சாட்சியாகும்.

நான்காவதைத்தான் பெண்கள் அதிகம் மறைக்கிறார்கள். சொன்னபடி கேட்டால் உயர்வு, இல்லாவிட்டால் வேலைக்கே ஆபத்து என்று மேலதிகாரி பாலியல் நோக்கத்தோடு உணர்த்துவது 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் கீழ் துன்புறுத்தலே. வெளிப்படையாகச் சொன்னாலும் சாடையாகச் சொன்னாலும் ஒன்றுதான். காண்ட்ராக்ட் தொழிலாளி, பயிற்சியாளர், அப்ரண்டிஸ் எல்லோருக்கும் இது பொருந்தும். நிறுவனம் ஏற்பாடு செய்த பஸ்ஸும் பணியிடமாகவே கருதப்படும். மாநில எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் குடியிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வருகிறவருக்கு வழியில் நடந்ததும் இதில் அடங்கும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்தது, நமக்குச் சம்பந்தமில்லை என்று நிறுவனம் கைவிரிக்க முடியாது. ஓசூர் ஆலை என்றால் அந்த ஆலையின் உள் குழுவுக்குப் புகார் போகும். 10 பேருக்குக் குறைவான இடம் என்றாலோ, புகாரே முதலாளி மீது என்றாலோ, பணியிடம் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் உள்ளூர் குழுவுக்குப் போகும். நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் கிடைக்கும். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். அதற்கிடையில் இடமாற்றமோ 3 மாதம்வரை விடுப்போ கேட்கலாம்.

அந்த உள் குழுவின் தலைவர் மூத்த நிலையில் உள்ள பெண் ஊழியராக இருக்க வேண்டும். ஆலையில் அப்படி ஒருவரும் இல்லையென்றால் வேறு கிளையிலிருந்து அழைத்துவர வேண்டியதுதான். நூற்றுக்கணக்கான பெண்கள் வேலை பார்க்கும் இடத்தில் புகார் கேட்க ஒரு மூத்த பெண்ணை வெளியூரிலிருந்து கூட்டிவரும் நிலையே, மேலே பெண்கள் இல்லாததன் விலை என்ன என்பதைக் காட்டுகிறது.

முடியாததா இது? இதே மண்ணில் 1990களில் நடந்த ஒன்று இருக்கிறது. ஓசூரில் கைக்கடிகார ஆலை வைத்திருக்கும் டைட்டன், கடிகாரச் சங்கிலிகளைக் கோக்கும் வேலையை வெளியே கொடுக்க நினைத்தபோது, மைராடா தொண்டு நிறுவனத்தின் துணையோடு கிராமத்து சுயஉதவிக் குழுப் பெண்கள் அதை எடுத்துச் செய்தார்கள். அதிலிருந்து மெடோ என்ற கம்பெனி உருவானது. பெண்களே அதற்கு உரிமையாளர்கள். தரமும் கெடுவும் கணக்கும் அவர்கள் பொறுப்பு. கூலிக்கு ஆள் பிடிப்பதோடு நிற்காமல், நிர்வகிக்கவும் கற்றுக்கொடுக்கலாம் என்று சிலர் முடிவெடுத்ததால் அது நடந்தது.

பெரிய நிறுவனங்களின் நிலையை இன்று யாரும் பார்க்கலாம். பங்குச்சந்தையில் பட்டியலிட்ட முதல் 1,000 நிறுவனங்கள், இயக்குநர் குழுவிலும் உயர் நிர்வாகத்திலும் எத்தனை பெண்கள், ஆண் பெண் நடுச் சம்பளம் என்ன, பிள்ளைப்பேறு விடுப்பு முடிந்து திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பதை 2022-23 முதல் ஆண்டறிக்கையோடு கட்டாயம் வெளியிடுகின்றன. டைட்டன், டி.வி.எஸ். மோட்டார், அசோக் லேலண்ட், ஓலா எலெக்ட்ரிக் எல்லாம் பட்டியலிட்டவையே. வேலைக்கு விண்ணப்பிக்கும் மகளுக்காக ஓர் அப்பா அந்தப் பக்கங்களைப் புரட்டலாம், சங்கத் தலைவர் பேச்சுவார்த்தை மேஜையில் வைக்கலாம். ஆலைக்குள்ளேயே கேட்கவும் வழி உண்டு: 20 தொழிலாளர்களோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் குறைதீர்ப்புக் குழு வேண்டும். அதில் பெண்களின் பங்கு, வேலை பார்க்கும் பெண்களின் விகிதத்துக்குக் குறையக் கூடாது.

பதவி உயர்வு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தேர்வுக்கான தகுதிகள் எவை, யார் தேர்வு செய்தார்கள், தேர்வான ஆணின் பணிக்காலம் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் கேட்ட தேதி பதிவாகிறது. அப்ரைசல் தாள், சம்பளச் சீட்டு, பயிற்சிச் சான்று மூன்றின் நகலையும் வீட்டில் வையுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்ற தயக்கம் வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், அல்லது 15100 எண்ணில் கூப்பிடலாம். அவசர ஆபத்து என்றால் பெண்கள் உதவி எண் 181.