ஒற்றை ஓடுபாதையும் ஒற்றையடிப் பாதையும்

ஒரு நாட்டில் நிலம் குலுங்கினால் உலகம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. பணம் வருகிறது, ஆள் வருகிறது, விமானம் விமானமாகச் சரக்கு வருகிறது. வந்ததெல்லாம் எங்கே இறங்கும், எந்த வழியாகப் போகும், யார் முதுகில் ஏறும் என்பதை மட்டும் தொலைக்காட்சியில் யாரும் காட்டுவதில்லை. என் பிழைப்பு அந்தப் பக்கத்தில்தான். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் குடோனில் கணக்கெழுதச் சேர்ந்து, அப்படியே நிவாரணச் சரக்கு வேலைக்குள் வந்துவிட்டவன் நான். 2015இல் நேபாளத்தில் இருந்தேன்.

அந்த ஆண்டு ஏப்ரல் 25, சனிக்கிழமை, முற்பகல் 11.56. கோர்க்கா மாவட்டத்தில் பார்பக் கிராமத்தை ஒட்டி 7.8 அளவில் நிலம் அதிர்ந்தது. நேபாளத்தில் அப்போது சனிக்கிழமைதான் வார விடுமுறை. பிள்ளைகள் பள்ளியில் இல்லை, பெரியவர்களில் பலர் வயலில் இருந்தார்கள். ஆயிரக்கணக்கான பள்ளிக் கட்டடங்கள் இடிந்த அந்த நாள் வேறு கிழமையாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று அங்கே பேசாத தாய் தகப்பன் இல்லை. அப்படியும் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். சுமார் 5 லட்சம் வீடுகள் முற்றிலுமாக இடிந்தன, இன்னும் 2.5 லட்சம் வீடுகள் பாதி சேதம். லாங்டாங் என்ற மலைக் கிராமத்தின் மேல் பனியும் பாறையும் சரிந்து, ஊர் இருந்த இடமே தெரியாமல் போனது. மே 12இல் மறுபடியும் 7.3. அதுவரை வீட்டுக்குள் திரும்பத் துணிந்தவர்களும் அன்று வெளியே வந்து படுத்தார்கள்.

மீட்புக் குழுக்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மோப்ப நாய், கான்கிரீட் அறுக்கும் ரம்பம், இடிபாட்டுக்குள் நுழையும் கேமரா எல்லாவற்றோடும் எழுபதுக்கும் மேற்பட்ட குழுக்கள் வெளிநாடுகளிலிருந்து வந்தன. நம் தேசியப் பேரிடர் மீட்புப் படை ஏப்ரல் 25 மாலையே காத்மாண்டுவில் இறங்கியது. இத்தனை குழுக்களும் சேர்ந்து இடிபாட்டுக்குள்ளிருந்து உயிரோடு மீட்டது 16 பேரை. திறமைக் குறைவு என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. கான்கிரீட் கட்டடம் சரியும்போது தளத்துக்கும் தளத்துக்கும் நடுவே இடைவெளி விழும். அதில் ஓர் ஆள் இரண்டு மூன்று நாள் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்க முடியும். நேபாள மலைக் கிராமத்து வீடு கல்லும் சேற்றுக் கலவையும். அது இடிந்தால் மண் எல்லா இடுக்கையும் அடைத்துவிடும், மூச்சுவிட இடம் இருக்காது. அங்கே பிழைத்தவர்களைப் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே பக்கத்து வீட்டுக்காரர்கள் கையாலும் மண்வெட்டியாலும் தோண்டி எடுத்திருந்தார்கள். வெளிநாட்டு விமானம் எவ்வளவு வேகமாகப் பறந்தாலும் அந்த நேரத்தைப் பிடிக்க முடியாது. அந்தப் பதினாறு பேரின் வீட்டாருக்கு அந்தக் குழுக்கள் தெய்வம், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் உலகம் அனுப்பும் உதவியின் முழு எடையும் அதற்கடுத்து வரும் மாதங்களில்தான் விழ வேண்டும்.

விழுவதற்கு முதலில் தரையிறங்க வேண்டுமே! காத்மாண்டுவின் திரிபுவன் விமான நிலையத்தில் ஒரே ஓர் ஓடுபாதை. பெரிய விமானங்கள் நிற்கும் இடங்களை அப்போது கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். பயணிகள் விமானம், ராணுவ விமானம், நாட்டைவிட்டு வெளியேறத் துடிக்கும் சுற்றுலாக்காரர்களுக்கான விமானம், சரக்கு விமானம் எல்லாம் அந்த ஒன்றுக்காக வரிசை கட்டின. இறங்க இடமில்லாமல் வானத்தில் வட்டமடித்துத் திரும்பியவை உண்டு. இத்தனை பாரத்தைத் தாங்காமல் ஓடுபாதையில் விரிசல் விழ, மே 3இல் 196 டன்னுக்கு மேல் எடையுள்ள விமானங்களுக்குத் தடை போட்டார்கள். எங்கள் பட்டியலில் இருந்த பெரிய சரக்கு விமானங்கள் வேறு ஊரில் இறங்கி, சரக்கைச் சிறு விமானங்களுக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

எல்லா இடத்திலும் இப்படி ஒரு குறுகல் இருக்கிறது. 2010 ஜனவரி 12இல் ஹெய்ட்டி குலுங்கியபோது போர்ட்-ஓ-பிரின்ஸ் விமான நிலையத்திலும் ஒற்றை ஓடுபாதைதான். கட்டுப்பாட்டுக் கோபுரம் வேறு சேதமாகியிருந்தது. அமெரிக்க ராணுவம் பொறுப்பெடுத்து விமானங்களை ஒழுங்குபடுத்தியது. எந்த விமானம் முதலில் என்ற முடிவு அவர்கள் கைக்குப் போனதும், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவச் சரக்கு விமானங்கள் பக்கத்து நாடான டொமினிக்கன் குடியரசுக்குத் திருப்பிவிடப்பட்டன. அங்கிருந்து சாலை வழியாக வருவதற்குள் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவர்கள் பாடு என்ன?

2023 பிப்ரவரி 6இல் துருக்கியும் சிரியாவும் இடிந்தபோது குறுகல் வேறு மாதிரி. வடமேற்கு சிரியாவுக்கு ஐக்கிய நாடுகள் சபையின் லாரிகள் போக அனுமதி இருந்தது பாப் அல்-ஹவா என்ற ஒரே எல்லை வாசல் வழியாகத்தான். மூன்று நாள் கழித்துத்தான் முதல் ஆறு லாரிகள் உள்ளே போயின. ஐ.நா.வின் நிவாரணத் தலைவர் மார்ட்டின் கிரிஃபித்ஸ், அந்த மக்கள் விஷயத்தில் நாங்கள் தவறிவிட்டோம் என்று எல்லையில் இருந்தபடியே ஒத்துக்கொண்டார். அதன் பிறகுதான் இன்னும் இரண்டு வாசல்களைத் திறக்க சிரிய அரசு சம்மதித்தது. வாசல் திறக்க ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நேபாளத்துக்கு வருகிறேன். குறுகலான வழியில் எது முதலில் போக வேண்டும் என்பதுதான் எங்கள் தொழிலின் பாதி. வேண்டாத சரக்கு ஒரு பெட்டி இறங்கினால் வேண்டிய சரக்கு ஒரு பெட்டி பின்தங்கும். அப்போதைய நேபாள நிதியமைச்சர் ராம் சரண் மஹத், டின்னில் அடைத்த சூரை மீனும் மயோனைசும் வருகிறதே, எங்களுக்குத் தானியமும் உப்பும் சர்க்கரையும் அல்லவா தேவை என்று வெளிப்படையாகவே குறைபட்டார். நாகப்பட்டினத்தில் சாலையோரம் மலையாகக் குவிந்து மழையில் நனைந்து மக்கிய பழைய துணிகளைப் பார்த்தவனுக்கு அந்தக் கோபம் உடனே புரிந்தது. அனுப்புகிறவர் மனசில் கள்ளம் இல்லைதான். ஆனால் அதை இறக்க, பிரிக்க, ஏற்ற, கடைசியில் அப்புறப்படுத்த ஆகும் கூலியை யாரும் அனுப்புவதில்லை.

சுங்கத்தையும் சொல்ல வேண்டும். மற்ற நாட்களுக்கு உள்ள அதே சோதனை, அதே தாள்கள். தார்ப்பாய்க்கும் கூடாரத்துக்கும் வரிவிலக்கு என்று அரசு அறிவித்தது. மற்ற சரக்குகள் பல எல்லையிலும் விமான நிலையத்திலும் காத்துக் கிடந்தன. ஐ.நா. அதிகாரிகள் பகிரங்கமாகவே முறையிட வேண்டிவந்தது. எந்தக் கள்ளச் சரக்கும் உள்ளே வந்துவிடக் கூடாது என்ற அரசின் கவலையில் நியாயம் இருந்தது. ஆனால் ஜூனில் மழை வந்துவிடும், அதற்குள் ஐந்து லட்சம் குடும்பங்களுக்குத் தலைக்கு மேல் ஏதாவது வேண்டும்.

அந்த ‘ஏதாவது’ பெரும்பாலும் தார்ப்பாய். காத்மாண்டு கடைகளில் கிடைத்த மெல்லிசு நீலத் தாளை நான் சொல்லவில்லை. நிவாரணத்துக்கென்றே ஒரு தரம் இருக்கிறது: 4 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம், உள்ளே கறுப்பு இழைப் பின்னல், இரு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சு. விளிம்பு மடிப்புக்குள் கயிறு ஓடும்; மீட்டருக்கொரு உலோகக் கண். கறுப்பு இழை எதற்கென்றால், இரவில் உள்ளே விளக்கெரிந்தால் உடை மாற்றும் பெண்ணின் நிழல் வெளியே விழக்கூடாது. தொண்டு நிறுவனங்கள் பொதுவாகக் கைக்கொள்ளும் ‘ஸ்ஃபியர்’ தரக்கணக்குப்படி ஓர் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் கூரையுள்ள தரை வேண்டும். ஐந்து பேருக்கு 17.5. தார்ப்பாய் 24 சதுர மீட்டர் என்றாலும் நடுவில் மூங்கில் கொடுத்துச் சரித்துக் கட்டினால் தரையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. அதனால்தான் ஒரு குடும்பத்துக்கு ஒன்று போதாது, இரண்டு கொடு என்று எங்களுக்குள் சண்டை நடக்கும். இரண்டு கொடுத்தால் பாதிப் பேருக்குத்தான் எட்டும். இந்தக் கணக்கை யார் போட்டாலும் யாரோ ஒருவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளத்தான் வேண்டும்.

கோர்க்காவின் தேவ்ராலியில் லாரியிலிருந்து தார்ப்பாய்க் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு நடுத்தர வயதுப் பெண் கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, “தகரம் எப்போது வரும்?” என்று கேட்டார். “தீதி, இப்போதைக்கு இதுதான்” என்றேன். அங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். “இது ஒரு மழைக்குத்தான் வரும். தகரமென்றால் நாளைக்கு வீடு கட்டும்போது கூரைக்கும் ஆகும். மரம் எங்களிடம் இருக்கிறது, இடிபாட்டிலிருந்து எடுத்துவிட்டோம்” என்றார். அவர் சொன்னதையே வேறு பல கிராமத்தாரும் சொன்னார்கள். பிறகு தகரமும் போனது, வீடிழந்த குடும்பத்துக்குத் தற்காலிகக் கூரைக்கென்று அரசு 15,000 நேபாள ரூபாயும் கொடுத்தது. தேவை என்னவென்று வெளியூர்க்காரர்கள் கூடிக் கணக்கெடுப்பதற்கு முன்பே அந்தத் தீதியிடம் விடை இருந்தது.

தேவ்ராலி வரை லாரி. அதற்கு மேலே? கோர்க்காவின் வடபகுதிக்குப் புடி கண்டகி ஆற்றை ஒட்டிச் செல்லும் பாதைதான் வழி. அப்போது அருகாட், சோட்டி கோலா வரை எப்படியாவது வண்டி போனது. அங்கிருந்து மச்சா கோலா, ஜகத், பிலிம் என்று நடைபாதை. அதுவும் பல இடங்களில் சரிந்து ஆற்றோடு போயிருந்தது. ஹெலிகாப்டர் இருந்தது. எம்.ஐ.-8 ரகம் நான்கு டன் தூக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்து, தூக்கும் எடை குறைந்துகொண்டே வரும். பள்ளத்தாக்கில் மேகம் இறங்கினால் அன்றைக்குப் பறப்பே இல்லை. செலவோ சொல்லி மாளாது.

அந்தச் சமயத்தில் மலையில் ஒரு பெரும் கூட்டம் வேலையில்லாமல் நின்றது. ஏப்ரலும் மேயும் மலையேற்றக்காரர்கள் வரும் பருவம். அவர்கள் ஊரைப் பார்க்கப் போய்விட, சுமை தூக்கிப் பிழைக்கிறவர்களுக்கு வீடும் போயிற்று, வருமானமும் போயிற்று. உலக உணவுத் திட்டமும் நேபாள மலையேற்றச் சங்கமும் சேர்ந்து அவர்களை வேலைக்கு எடுத்தன. முதலில் பாதையைச் சீராக்கக் கூலி, பிறகு அதே பாதையில் அரிசியும் தகரமும் சுமக்கக் கூலி. ஆயிரக்கணக்கான சுமையாளர்கள், கூடவே கோவேறு கழுதைகள். நான் பார்த்த நிவாரண வேலைகளிலேயே மனசுக்கு நிறைவானது இதுதான்.

சோட்டி கோலாவில் அவர்கள் கிளம்புவதைப் பார்க்க வேண்டும். மூங்கிலில் பின்னிய, அடி குறுகிய கூடை, பெயர் தோக்கோ. அதைத் தாங்கும் பட்டை நெற்றியில்தான் பதியும், தோளில் பாரம் இல்லை. கையில் டி வடிவக் கட்டை. மூச்சு வாங்கும்போது கூடையை இறக்க மாட்டார்கள். இறக்கினால் மறுபடி ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். கட்டையைப் பின்னால் ஊன்றி அதன்மேல் கூடையை உட்காரவைத்து, நின்றபடியே இளைப்பாறுவார்கள். தகரத்தைக் கூடையில் வைக்க முடியாது. நீளவாக்கில் சுருட்டிக் கட்டி முதுகில் ஏற்றினால் காற்றில் ஆளையே தள்ளும். அதனால் தகரம் காலையிலேயே கிளம்பிவிடும், பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்று எழுவதற்குள். இந்த ஒழுங்கை நாங்கள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்கள் எங்களுக்குச் சொன்னார்கள்.

அரிசியோடு விதைநெல்லும் போனது. சேமித்திருந்த விதை இடிபாட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. ஜூன், ஜூலையில் நடவு தவறினால் அடுத்த ஆண்டு முழுக்க மூட்டையை எதிர்பார்த்து உட்கார வேண்டும்.

செப்டம்பரில் இன்னொரு குறுகல். புதிய அரசியல் சாசனத்தை ஒட்டி எழுந்த போராட்டத்தில் இந்திய எல்லையில் சரக்குப் போக்குவரத்து முடங்கியது. நேபாளம் இந்தியாவைக் குற்றம் சாட்டியது. இந்தியா, நேபாளத்தின் தெற்குச் சமவெளியில் வாழும் மதேசிகள் எல்லையில் நடத்தும் போராட்டமே காரணம் என்றது. 2016 பிப்ரவரி வரை இழுத்தது. டீசல் இல்லை, லாரி இல்லை. பனி விழும் கிராமங்களுக்குக் கம்பளி போக வேண்டிய மாதங்கள் அவை.

2016 மே மாதம் இஸ்தான்புல்லில் உலக மனிதநேய மாநாடு கூடியபோது, நன்கொடை நாடுகளும் பெரிய அமைப்புகளும் ஓர் ஒப்பந்தம் செய்தன: 2020க்குள் நிவாரண நிதியில் கால் பங்காவது பாதிக்கப்பட்ட நாட்டின் அமைப்புகளுக்கு முடிந்தவரை நேராகப் போக வேண்டும். 2020 வந்து போய்விட்டது. ஒட்டுமொத்தக் கணக்கில் நிதி அந்த இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. முதலில் தோண்டியவரும் கடைசியில் சுமந்தவரும் உள்ளூர்க்காரர்தான், ஆனால் காசோலை மட்டும் ஜெனீவாவையும் நியூயார்க்கையும் சுற்றிக்கொண்டு வருகிறது. இது மாறாதவரை நான் இதைச் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

முன்கூட்டிப் போட்ட காசு எப்படி வேலை செய்யும் என்பதற்கு நேபாளத்திலேயே சாட்சி உண்டு. நிலநடுக்கத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்புதான், 2015 மார்ச்சில், பிரிட்டன் கொடுத்த நிதியில் திரிபுவன் விமான நிலையத்தில் ஒரு நிவாரணச் சரக்கு முற்றத்தை உலக உணவுத் திட்டம் திறந்திருந்தது. கிடங்கு, பாரம் தூக்கும் வண்டி, சரக்கை வகைபிரிக்க மேடை எல்லாம் தயார். அது இல்லாவிட்டால் முதல் வாரத்துச் சரக்கு ஓடுபாதை ஓரத்திலேயே மழையில் கிடந்திருக்கும். பிறகு இந்திய எல்லையை ஒட்டிய நேபாள்கஞ்சிலும் அப்படியொரு முற்றம் அமைந்தது. 2023 நவம்பர் 3 நள்ளிரவுக்குச் சற்று முன் மேற்கு நேபாளத்தில் ஜாஜர்கோட் குலுங்கி 150க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, சரக்கு அங்கிருந்து கிளம்பியது. வந்த சரக்கு மறுபடியும் தார்ப்பாய்தான். தகரமும் வீடு கட்டும் பணமும் பலருக்கு அந்தக் குளிர்காலத்துக்குள் போய்ச் சேரவில்லை; தேவ்ராலியில் அந்தத் தீதி கேட்ட கேள்வியை ஜாஜர்கோட்காரர்கள் எட்டு ஆண்டு கழித்தும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.