குவாண்டம் சுற்றுப்படம் அச்சேறும் விதம்

விஞ்ஞான நூல் ஒன்றைப் புரட்டுபவரின் கண்ணில் முதலில் படுவது எழுத்தன்று, படமே. தாவரவியலில் இலையும் பூவும், வேதியியலில் குடுவையும் குழாயும், இயற்பியலில் மின்கலமும் கம்பியும் படமாக வந்து நமக்குப் பாடம் சொல்கின்றன. இவ்வரிசையில் அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்த ஒரு படத்தைப் பற்றி இம்மலரில் எழுத விழைகின்றோம். குவாண்டம் கணிப்பொறி என்ற சொல்லைச் செய்தித்தாள் படிப்போர் அனைவரும் இன்று கேட்டிருப்பர். அக்கணிப்பொறி செய்ய வேண்டிய வேலையை விஞ்ஞானிகள் தாளில் வரைந்து காட்டும் முறைக்குக் குவாண்டம் சுற்றுப்படம் என்று பெயர். அப்படம் பிழையின்றி அச்சுக்கு வருவது எப்படி என்பதே நம் பொருள். வரைந்து ஒட்டினால் போயிற்று, இதில் என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு புள்ளி இடம் மாறினால் கணக்கே மாறிவிடும் படம் இது என்பதை அறிந்தால் அவ்வாறு எண்ணமாட்டார்கள்.

முதலில் படத்தைப் படிக்கக் கற்போம். மேலைநாட்டு இசைக் குறியீட்டுத் தாளை நம் பாடகர் குழுவினர் நன்கு அறிவர். கோடுகள் இடமிருந்து வலமாக ஓடும். அவற்றின் மீது குறிகள் அமரும். ஒன்றுக்கு நேர் கீழே மற்றொன்று இருந்தால் இரண்டையும் ஒருங்கே ஒலிக்க வேண்டும். குவாண்டம் சுற்றுப்படமும் ஏறக்குறைய அத்தகையதே. ஒவ்வொரு கோடும் ஒரு க்யூபிட். சாதாரணக் கணிப்பொறியின் பிட் 0 ஆகவோ 1 ஆகவோ மட்டும் இருக்கும். க்யூபிட் இவ்விரண்டும் கலந்த நிலையிலும் இருக்க வல்லது. கோட்டின் மீது அமரும் சதுரப் பெட்டிக்கு 'கேட்' என்று பெயர். தமிழில் வாயில் எனலாம். வாயிலுள் புகுந்து வெளிவரும் க்யூபிட்டின் நிலை மாறுகின்றது. கோட்டைக் கண்டதும் செம்புக் கம்பி என்று எண்ணிவிடலாகாது. பல கருவிகளில் க்யூபிட் இருந்த இடத்தை விட்டு அசைவதே இல்லை. கோடு காட்டுவது இடத்தை அன்று, காலத்தை. இடப்பக்கம் இருப்பது முன்னர் நடப்பது. வலப்பக்கம் இருப்பது பின்னர் நடப்பது.

ரிச்சர்டு ஃபெயின்மன் என்னும் அமெரிக்க இயற்பியலறிஞர் 1985-இல் எழுதிய கட்டுரையிலேயே இத்தகைய கோட்டுப் படங்கள் உள்ளன. இங்கிலாந்தின் டேவிட் டாய்ச் 1989-இல் இதனை ஒரு முறையான கணிப்பு மாதிரியாக வகுத்தார். 1995-இல் ஒன்பது ஆசிரியர்கள் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை, எளிய வாயில்கள் சிலவற்றைக் கொண்டே எந்தக் குவாண்டம் கணக்கையும் கட்டிவிடலாம் என்று காட்டியது. அதன்பின் இப்படங்கள் இல்லாத கட்டுரையே அத்துறையில் அரிது என்றாயிற்று.

மிகவும் வழக்கிலுள்ள வாயில் ஒன்றைப் பார்ப்போம். மேல் கோட்டில் ஒரு கரும்புள்ளி. கீழ்க் கோட்டில் வட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறி. இரண்டையும் இணைக்கும் செங்குத்துக் கோடு. புள்ளியுள்ள க்யூபிட் 1 ஆக இருந்தால் வட்டமுள்ள க்யூபிட்டைப் புரட்டிவிடு, 0 ஆக இருந்தால் அதனைத் தொடாதே என்பது இதன் பொருள். மேலே 1, கீழே 0 என்று கொடுத்தால் 1, 1 என்று வெளிவரும். அச்சில் புள்ளியும் வட்டமும் இடம் மாறிவிட்டதாகக் கொள்வோம். இப்போது கட்டளையிடுவது கீழ்க் கோடு. அதில் இருப்பதோ 0. ஆகவே எதுவும் மாறாமல் 1, 0 என்றே வெளிவரும். படத்தின் அழகில் ஒரு குறையும் இராது. விடை மட்டும் வேறாகிவிடும். புள்ளி கருப்பாக இல்லாமல் வெறும் வளையமாக இருந்தால், 1 அன்று, 0 ஆக இருக்கும்போது புரட்டு என்று பொருள். மங்கலான நகலில் வளையத்துக்குள் மை பரவினால் கட்டளையே தலைகீழ்!

வேறொரு வாயிலும் உண்டு. அதில் இரு கோடுகளிலும் கரும்புள்ளிகளே இருக்கும். இதை வரைபவர் எது மேல், எது கீழ் என்று கவலைப்பட வேண்டியதில்லை. ஏனெனில் இரண்டு க்யூபிட்டுகளும் 1 ஆக இருக்கும்போது மட்டும் குறி மாற்றும் இவ்வாயிலில் கட்டளையிடுபவர், கீழ்ப்படிபவர் என்ற வேற்றுமையே கிடையாது. அந்தச் சமத்துவம் படத்திலேயே தெரியும்படி இரண்டு புள்ளிகளாக வைத்தது எத்துணை பொருத்தம்! நல்ல குறியீடு என்றால் இதுவே என்பது நம் எண்ணம்.

இனி அச்சுக்கூடத்துக்கு வருவோம். ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில் படம் என்றால் 'பிளாக்' செய்ய வேண்டும். ஓவியர் மையால் வரைவார். அதனைப் புகைப்படம் எடுத்து உலோகத் தகட்டில் பொறிப்பார்கள். படத்தில் ஒரு கோடு சேர்க்க வேண்டுமென்றால் எல்லாம் முதலிலிருந்து. கணிதச் சமன்பாடுகளைக் கோப்பதும் அதே அளவு கடினமாகத்தான் இருந்தது. மேற்குறி, கீழ்க்குறி, பின்னம் என்று ஒவ்வொன்றையும் கையால் பொருத்திய கம்பாசிட்டர்களின் பொறுமையை நினைத்தால் வியப்பாக உள்ளது.

பின்னர் ஒளியச்சுக்கோப்பு வந்தது. விரைவு கூடிற்று, அழகோ குறைந்தது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டொனால்டு நூத், தம் நூலின் இரண்டாம் பாகத்தின் புதிய பதிப்புக்கான புரூஃபை 1977-இல் பார்த்தபோது மனம் நொந்தார். கணிதம் அவ்வளவு அழகற்று அச்சாகியிருந்தது. பிறராயின் பதிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு இருந்திருப்பர். நூத்தோ தம் ஆராய்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டு, அச்சுக்கோக்கும் மென்பொருள் ஒன்றைத் தாமே எழுத அமர்ந்தார். விரைவில் முடியும் என்று தொடங்கிய பணி ஏறக்குறையப் பத்தாண்டுகளை விழுங்கியது. அதன் பெயர் 'டெக்'. கிரேக்க எழுத்துகளாலான பெயராதலால் இறுதி ஒலியை 'க்' என்று சொல்ல வேண்டும். திருத்தப் பதிப்புகளுக்கு அவர் எண்ணிடும் முறையும் வேடிக்கையானது. 3.14, 3.141 என்று ஒவ்வொரு முறையும் 'பை' எண்ணின் ஒரு இலக்கம் கூடிக்கொண்டே போகும். தம் நூல்களில் பிழை கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 2008 வரை 2 டாலர் 56 சென்ட் காசோலை அனுப்பிவந்தார்; அதனைப் பணமாக்காமல் சட்டமிட்டு மாட்டி வைத்தவர்களே மிகுதியாம்! 1980-களில் லெஸ்லி லாம்போர்ட் இதன்மேல் எளிதான ஓர் அமைப்பைக் கட்டினார். அது 'லேடெக்'. இன்று இயற்பியல், கணிதக் கட்டுரைகளுள் பெரும்பகுதி லேடெக்கிலேயே எழுதப்படுகின்றது. இவ்விரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டுகிறோம்.

டெக்கின் தத்துவம் இதுதான்: ஆசிரியர் பக்கத்தை வரைவதில்லை, என்ன வேண்டும் என்பதைச் சாதாரண எழுத்துகளில் கட்டளையாக எழுதுகிறார், கோப்பது மென்பொருளின் வேலை. சமன்பாட்டுக்கு இது நன்கு பொருந்திற்று. சுற்றுப்படத்துக்கு? தொடக்கத்தில் பலரும் வேறொரு வரைகலை மென்பொருளில் படத்தை வரைந்து கட்டுரைக்குள் செருகினர். அதில் தொல்லைகள் பல. கட்டுரையின் எழுத்து ஒரு வகை, படத்தின் எழுத்து மற்றொரு வகை. பத்தியின் அகலத்துக்குப் படத்தைச் சுருக்கினால் எழுத்தும் எறும்பாகச் சுருங்கும். நடுவில் ஒரு வாயிலை நுழைக்க வேண்டுமானால் வலப்பக்கமுள்ள அனைத்தையும் ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். நகர்த்தும்போதுதான் புள்ளிகள் இடம் தவறும்.

2004-இல் நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்திலிருந்து பிரயன் ஈஸ்டின், ஸ்டீவன் ஃப்ளாமியா என்ற இருவர் 'க்யூ-சர்க்யூட்' என்னும் லேடெக் தொகுப்பை வெளியிட்டனர். இதனை விளக்க நம் தையல் வகுப்பை விடச் சிறந்த உவமை இல்லை. கட்டம் போட்ட துணியில் குறுக்குத் தையல் போடும்போது நாம் என்ன செய்கிறோம்? மூன்றாம் வரிசை, ஐந்தாம் கட்டம், சிவப்பு நூல் என்று எண்ணி எண்ணிப் போடுகிறோம். க்யூ-சர்க்யூட்டும் அப்படியே ஓர் அட்டவணை. ஒரு க்யூபிட்டுக்கு ஒரு வரிசை; ஒரு நேரத்துக்கு ஒரு நிரல். இந்தக் கட்டத்தில் வாயில், அந்தக் கட்டத்தில் புள்ளி, மற்றொன்றில் வெறும் கோடு என்று எழுதினால் படம் தானே உருவாகும். ஒரு நிரலைப் புதிதாக நுழைத்தால் மற்றவை தாமே விலகி இடம் விடும்.

எடுத்துக்காட்டாக, 1993-இல் ஆறு விஞ்ஞானிகள் வெளியிட்ட குவாண்டம் தொலைப்பெயர்ச்சி என்ற புகழ்பெற்ற செயல்முறையை வரைவோம். ஒரு க்யூபிட்டின் நிலையை, அந்தக் க்யூபிட்டையே அனுப்பாமல், தொலைவிலுள்ள மற்றொன்றில் தோற்றுவிப்பது இதன் நோக்கம். மூன்று வரிசைகள் வேண்டும். முதல் வரிசையில் அனுப்ப வேண்டிய நிலை. மற்ற இரண்டும் 0. முதல் நிரலில் பெயர்களை எழுதுகிறோம். இரண்டாம் நிரலில் நடு வரிசைக்கு 'எச்' என்ற பெட்டி. இது 0-வையும் 1-ஐயும் சமமாகக் கலக்கும். மூன்றாம் நிரலில் நடு வரிசையில் புள்ளி, கீழ் வரிசையில் வட்டம். இப்போது அவ்விரு க்யூபிட்டுகளும் பிணைந்துவிட்டன. நான்காம் நிரலில் மேல் வரிசையில் புள்ளி, நடு வரிசையில் வட்டம். ஐந்தாவதில் மேல் வரிசைக்கு ஓர் 'எச்'. ஆறாம் நிரலில் மேலும் நடுவும் அளக்கப்படுகின்றன. அதற்குரிய குறி, முள்ளுடன் கூடிய சிறு மானியின் படம்.

இங்கே ஒரு நுட்பம். அளந்த பின் அவ்விரு வரிசைகளிலும் ஒற்றைக் கோடு போடக்கூடாது. இரட்டைக் கோடு போட வேண்டும். அளக்கப்பட்டது இனிக் க்யூபிட் அன்று, சாதாரண 0 அல்லது 1. அதைத் தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம்! ஏழாம் நிரலில் நடு வரிசையின் விடைக்கேற்பக் கீழ் வரிசையில் 'எக்ஸ்' பெட்டியும், எட்டாம் நிரலில் மேல் வரிசையின் விடைக்கேற்ப 'இசட்' பெட்டியும் வைக்கிறோம். அனுப்பிய நிலை இப்போது கீழ் வரிசையில் நிற்கின்றது. இரட்டைக் கோட்டுக்குப் பதில் ஒற்றைக் கோடு அச்சாகிவிட்டால், இரண்டு இடங்களுக்குமிடையே க்யூபிட்டையே அனுப்ப வேண்டும் என்று வாசகர் பொருள் கொள்வார். அப்படியானால் தொலைப்பெயர்ச்சிக்கு என்ன பெருமை?

புள்ளியை வைக்கும் கட்டளையில், செங்குத்துக் கோடு எத்தனை வரிசை தள்ளிப் போக வேண்டும் என்ற எண்ணையும் கொடுக்க வேண்டும். 1 என்றால் அடுத்த வரிசை, 2 என்றால் அதற்கும் அடுத்தது, மேலே போக வேண்டுமானால் கழித்தல் குறி. 2-க்குப் பதில் 1 என்று தட்டச்சாகிவிட்டால் மென்பொருள் முணுமுணுக்காது. சொன்னபடி அழகாகப் போட்டுவிடும். அதற்குக் கட்டம் தெரியும், இயற்பியல் தெரியாது.

க்யூ-சர்க்யூட்டில் வெறுமையான கட்டத்திலும் 'கோடு போடு' என்று எழுத வேண்டியிருந்தது. மறந்தால் கோடு அறுந்து நிற்கும். லண்டன் ராயல் ஹாலோவே கல்லூரியின் அலஸ்டர் கே 2018-இல் 'குவாண்டிக்ஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டார். அதன் புதிய பதிப்பு கோடுகளைத் தானே போட்டுக்கொள்கிறது. ஜெர்மானியரான டில் டாண்டாவ் உருவாக்கிய 'டிக்-இசட்' என்ற வரைகலைத் தொகுப்பே இதற்கு அடித்தளம். அப்பெயரின் விரிவு, 'டிக்-இசட் வரையும் மென்பொருள் அன்று' என்பதாம்! 2020-இல் வந்த 'ஒய்-குவாண்ட்' இன்னும் ஒரு படி போய், கட்டங்களையே மறக்கச் செய்தது. எந்த வாயில், எந்தக் க்யூபிட் என்று வரிசையாக எழுதினால் இடத்தை அதுவே தேர்ந்துகொள்ளும். ஆயினும் கட்ட முறையே கற்பவர்க்கு நல்லது என்போம். எழுதும்போதே படம் கண்முன் நிற்கின்றதல்லவா?

எந்தத் தொகுப்பாலும் எளிதில் தீராத சங்கடங்களும் உள்ளன. முதல் க்யூபிட்டும் மூன்றாவதும் ஒரு வாயிலில் சேர வேண்டும், இரண்டாவது சேரக்கூடாது என்றால் பெட்டியை எப்படி வரைவது? நடுக் கோட்டைப் பெட்டியின் மேலே ஓடவிடலாம். அல்லது வரிசையையே மாற்றி அமைக்கலாம். நூறு வாயில்கள் உள்ள படம் பக்கத்தில் அடங்காது. அதை வெட்டி இரு துண்டாக ஒன்றன்கீழ் ஒன்று வைக்க வேண்டும். மற்றொரு பொறி, படத்தை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம், சமன்பாட்டிலோ முதலில் செயல்படுவது வலக்கோடியில் இருக்கும் என்பது. 'எச்' முதலில், 'எக்ஸ்' பிறகு என்று படம் சொன்னால், சமன்பாட்டில் 'எக்ஸ்' முன்னும் 'எச்' பின்னுமாக எழுத வேண்டும். படமும் சமன்பாடும் ஒன்றையொன்று மறுக்கும் பக்கங்களைத் திருத்துபவர் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

திருத்துபவர் என்றதும் நம் ஊரும் நினைவுக்கு வருகின்றது. வெளிநாட்டு விஞ்ஞான ஏடுகளுக்குப் பக்கம் கோத்துத் தரும் நிறுவனங்கள் சென்னையிலும் புதுச்சேரியிலும் பல உள்ளன. நம் பெற்றோரில் சிலரே அத்தொழிலில் இருக்கக்கூடும். ஆசிரியர் அனுப்பிய கட்டுரையை ஏட்டின் அமைப்புக்கு மாற்றிக் கோத்து, புரூஃப் எடுத்து, ஆசிரியரிடம் திருப்பி அனுப்புவது அவர்கள் பணி. அங்கே ஒருவர் புள்ளியை உற்று நோக்குவதால்தான் ஸ்வீடனிலோ ஜப்பானிலோ உள்ள மாணவி சரியான விடையைப் பெறுகிறாள்.

இறுதியாக, வரிசை எண்ணைப் பற்றி ஒன்று. பாடநூல்களில் மேல் கோட்டின் க்யூபிட்டை எண்ணின் இடக்கோடி இலக்கமாகக் கொள்வதே பெருவழக்கு. ஐ.பி.எம். நிறுவனத்தின் 'கிஸ்கிட்' மென்பொருளோ மேல் கோட்டை வலக்கோடி இலக்கமாகக் கொள்கிறது. அது தன் சுற்றுகளை லேடெக் கட்டளையாகவும் தர வல்லதாதலால், அங்கிருந்து எடுத்த படமும் பாடநூல் முறையில் எழுதிய விளக்கமும் ஒரே பக்கத்தில் சந்திப்பதுண்டு. மேலே 1, கீழே 0 என்ற நிலையை ஒருவர் 10 என்பார், மற்றவர் 01 என்பார். எனவே கவனமுள்ள ஆசிரியர்கள் படத்தின் அடியில், மேல் கோடு எந்த இலக்கம் என்று ஒரு வரி எழுதிவிடுகின்றனர்.